வாசகசாலைக் கட்டுகளை மின்னாக்க மானியம்: பணம் எங்கே, வாங்கத் தகுதி யாருக்கு?

கேள்வி, 2025 ஜூன் 4

எங்கள் ஊர் வாசகசாலையில் 1930-களிலிருந்து சேர்ந்த வார, மாத இதழ்கள், ஆண்டு மலர்கள், நாடக நோட்டீஸ்கள் எல்லாம் பைண்டு செய்து சுமார் 1,200 கட்டுகள் இருக்கின்றன. தாள் தொட்டால் உதிர்கிறது. சங்கம் முறையாகப் பதிவானது, ஆனால் நிதி இல்லை. இவற்றைப் படமெடுத்து மின்பிரதியாக்க, அதாவது மின்னாக்கம் செய்ய, லண்டனில் மானியம் தருகிறார்களாமே, எங்கே எழுத வேண்டும்?

ஜூன் 4, இரவு

லண்டன் என்றது பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழிவுறு ஆவணத் திட்டம். ஈ.ஏ.பி. என்பார்கள். ஆர்கேடியா அறக்கட்டளையின் பணத்தில் 2004 முதல் நடக்கிறது. ஆனால் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறதா? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. அந்தப் பதிவோ உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூடச் சங்கக் கணக்கில் வாங்க முடியாது. மானியம் கிடைத்த பிறகு இந்த இடத்தில் முட்டி நிற்கும் அமைப்புகள் நிறைய.

ஜூன் 5

பதிவு கேட்க வேண்டுமென்றால் சங்கம் 3 ஆண்டாவது செயல்பட்டிருக்க வேண்டும், கடந்த 3 நிதியாண்டுகளில் தன் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலான ஊர் வாசகசாலைகள் இந்த இடத்திலேயே நின்றுவிடும். செய்தித்தாள் சந்தா, மின்கட்டணம், ஆண்டு விழா எல்லாம் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது.

அப்படிப்பட்ட சங்கங்களுக்குச் சட்டத்தில் இரண்டாவது வழியாக முன் அனுமதி இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று ஒரு முறைக்கு மட்டும் உள்துறை அமைச்சகம் தருவது. படிவம் எஃப்.சி-3பி. கொடையாளரிடமிருந்து தொகை குறிப்பிட்ட உறுதிக் கடிதம் இணைக்க வேண்டும். அதாவது மானியம் அறிவிக்கப்பட்ட பிறகுதான் அனுமதியே கேட்க முடியும், அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் விண்ணப்பத்தில் தொடக்கத் தேதியைத் தள்ளியே போடுங்கள். ஏன் என்று ஒரே வரியில் காரணமும் எழுதுங்கள். இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களில் அது அவர்களுக்குப் புதிதல்ல.

எந்த வழியில் போனாலும் டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில்தான் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு. 2020 திருத்தத்திலிருந்து பணம் முதலில் அங்கேதான் வந்து இறங்க வேண்டும். ஊர்க் கிளையில் துணைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தன்னார்வ அமைப்புகளுக்கான மத்திய அரசின் தர்ப்பண் தளத்தின் அடையாள எண்ணையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், எல்லாப் படிவமும் அதைக் கேட்கும்.

ஜூன் 9

"பதிவுள்ள பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி எங்களுக்குப் பிரித்துத் தரலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தரக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 7-இன்படி, வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை வேறு எவருக்கும் மாற்ற முடியாது. வாங்கும் இடத்திலும் பதிவு இருந்தாலும் இதே தடைதான்.

செய்யக்கூடியது இது. பதிவுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று மானியதாரராக இருக்கட்டும். ஆட்களை அவர்களே நியமித்துச் சம்பளத்தை நேரடியாகத் தரட்டும், கேமராவை அவர்களே வாங்கட்டும். உங்கள் வாசகசாலை வேலை நடக்கும் இடம், தொகுப்பின் உரிமையாளர். இருவருக்கும் நடுவே எழுத்தில் ஓர் ஒப்பந்தம். அதில் விட்டுப்போகக் கூடாதவை: மூலப் பிரதி கட்டடத்தை விட்டு வெளியே போகாது, மின்பிரதியின் முழுத் தொகுப்பு ஒன்று உங்களிடம் இருக்கும், எந்தக் கட்டை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை நீங்கள் சொல்வீர்கள், சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு.

ஜூன் 9, பின்னிணைப்பு

கருவி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. வேலை முடிந்ததும் கேமரா, விளக்கு, கணினி உள்ளூரிலேயே இருக்கட்டும் என்பதே கொடையாளரின் விருப்பமாக இருக்கும். ஆனால் வெளிநாட்டு நன்கொடையில் வாங்கிய பொருளும் அதே சட்டத்துக்குள் வருவது. பதிவில்லாத சங்கத்துக்கு அதைக் கைமாற்றினால் பிரிவு 7 குறுக்கே நிற்கும். மானியதாரர் நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டிலேயே கருவிகள் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகு எங்கே, எந்த ஏற்பாட்டில் இருக்கும் என்பதை அவர்களுடைய ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்துவையுங்கள்.

ஆடிட்டர் ஒருவரின் குறிப்பு, ஜூன் 12

இரண்டு சேர்க்கைகள். ஒன்று: நிர்வாகச் செலவுக்கு இப்போது 20 சதவீதம்தான் உச்சவரம்பு, முன்பு 50. பக்கம் புரட்டிப் படம் எடுப்பவர், விவரப் பதிவு (இதழின் பெயர், தேதி போன்றவற்றைக் குறிப்பது) செய்பவர் ஆகியோரின் ஊதியத்தைத் திட்டச் செலவாகத் தெளிவாகப் பெயரிட்டு பட்ஜெட்டில் காட்டுங்கள். "ஊழியர் சம்பளம்" என்று மொத்தமாக ஒரே வரி போட்டால் பிற்பாடு அதைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

இரண்டு: வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசிய, அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடைதான், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும்கூட. "எங்கள் ஊர்ப் பிள்ளைதானே" என்று வாங்கிப் போடாதீர்கள். கடவுச்சீட்டுப் பக்கத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஜூன் 20

இனி தொகுப்புக்கு வருவோம். 1930 முதல் 1970 வரையான இதழ்கள் என்றால் ஈ.ஏ.பி. அவ்வளவு பொருந்தாது. அவர்கள் பார்வை பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையவற்றின் மேல். அதே ஆர்கேடியா பணத்தில் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. நூலகம் 2018 முதல் நடத்தும் நவீன அழிவுறு ஆவணத் திட்டம், அதாவது எம்.ஈ.ஏ.பி., 20, 21-ஆம் நூற்றாண்டுப் பொருள்களுக்கானது. அச்சு, ஒளிப்படம், ஒலிநாடா, துண்டறிக்கை எல்லாம் சேரும். உங்கள் நாடக நோட்டீஸ்களுக்கு இதுவே சரியான இடம்.

தொகைகள்: ஈ.ஏ.பி.யில் முன்னோட்டத் திட்டத்துக்கு 15,000 பவுண்டு வரை, இருப்பதிலேயே பெரிய வகைத் திட்டத்துக்கு 1,50,000 பவுண்டு வரை. எம்.ஈ.ஏ.பி.யில் திட்டமிடலுக்கு 15,000 டாலர், முழுத் திட்டத்துக்கு 50,000 டாலர் வரை. ஒவ்வோர் ஆண்டின் அழைப்பிலும் இவை மாறக்கூடும், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே எழுதுங்கள். ஈ.ஏ.பி. இரண்டு கட்டம்: முதலில் சுருக்க விண்ணப்பம், அதில் தேறினால் விரிவானது.

முதல் முறை கேட்பவர்கள் சின்னத் தொகையையே கேட்க வேண்டும். கணக்கெடுப்பு, மாதிரிப் பிடிப்பு (சில கட்டுகளை மட்டும் படமெடுத்துப் பார்ப்பது), உரிமைச் சரிபார்ப்பு இந்த மூன்றும் முன்னோட்ட மானியத்தில் முடிந்துவிட்டால், அடுத்த விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஆதாரம் இருக்கும்.

ஜூன் 21

"மத்திய அரசின் ஞான பாரதம் திட்டத்தில் கேட்கலாமா?"

அது சுவடிகளுக்கானது. 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது, 2003-இல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கத்தின் தொடர்ச்சி. சுவடி என்றால் கையால் எழுதியது, குறைந்தது 75 ஆண்டுப் பழமை உடையது. அச்சு நூலும் கல்லச்சும் அதில் வராது. வாசகசாலை அலமாரியில் ஏட்டுக்கட்டோ கையெழுத்துப் பிரதியோ இருந்தால் அதை மட்டும் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். இதழ்களோடு கலந்து ஒரே விண்ணப்பமாகப் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

ஜூலை 2

உள்நாட்டுப் பணம். எஃப்.சி.ஆர்.ஏ. தலைவலி இல்லாதது, ஆனால் கேட்பவர்கள் குறைவு.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையின் 5-ஆம் இனத்தில் பண்பாட்டு மரபைப் பாதுகாத்தலும் பொதுநூலகம் அமைத்தலும் அப்படியே எழுதியிருக்கின்றன. கடிதத்தின் முதல் பத்தியிலேயே "ஏழாம் அட்டவணை, இனம் 5" என்று எழுதுங்கள். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு முதலில் தேவைப்படுவது அந்த எண்தான், நூலகத்தின் பெருமை பிறகு.

உங்களிடம் இருக்க வேண்டியவை: 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிவிலக்கு) பதிவுகள், சமூகப் பொறுப்பு நிதி வாங்கக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 பதிவு, இதே மாதிரிப் பணியில் 3 ஆண்டு அனுபவம். அனுபவம் என்றால் மின்னாக்கமே செய்திருக்க வேண்டும் என்றில்லை, நூலகம் நடத்திய ஆண்டறிக்கைகளைக் காட்டலாம். நிறுவனம் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே திருப்பூர், கரூர், சிவகாசி, ராணிப்பேட்டைப் பக்கத்து வாசகசாலைகள் சென்னை அலுவலகங்களுக்கு அலைய வேண்டாம், பக்கத்து ஆலையிலிருந்து தொடங்குங்கள்.

நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரியில் போய்ப் பெரிய திட்டத்தை நீட்டினால் மிச்சத் தொகைதான் கிடைக்கும். புதிய ஆண்டுக்கான திட்டம் வகுக்கும் மாதங்களில் போங்கள்.

ஜூலை 3

சங்கத்தின் ஆண்டறிக்கைகளை மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்திருக்கிறீர்களா? 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செய்ய வேண்டும். நிலுவை இருந்தால் எந்தக் கொடையாளரிடமும் போகாதீர்கள். முதலில் அதைத் தீர்த்துவிட்டுப் போங்கள்.

ஜூலை 15

அளவு. விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவது இந்தப் பகுதிதான். "ஏராளமான அரிய இதழ்கள்" என்று எழுதினால் ஒரு பைசா வராது.

கட்டு 1,200, கட்டுக்குச் சராசரி 150 பக்கம் என்றால் 1,80,000 பக்கம். விரித்த இரு பக்கத்தை ஒரே பிடிப்பாக எடுத்தால் 90,000 பிடிப்பு. சராசரியைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். பத்து கட்டுக்கு ஒன்று என 120 கட்டுகளை எடுத்து எண்ணுங்கள்.

வேகம்: இருப்பதிலேயே மோசமான கட்டை எடுத்து அரை நாள் படம்பிடித்துப் பாருங்கள். வந்த எண்ணில் 60 சதவீதத்தை மட்டும் திட்டத்தில் போடுங்கள். மின்வெட்டு, விடுப்பு, திரும்ப எடுத்தல் எல்லாம் மீதி 40-ஐத் தின்றுவிடும். அப்படி நாளுக்கு 500 பிடிப்பு என்று வந்தால் 90,000-க்கு 180 வேலை நாள், மாதம் 22 நாள் என்றால் எட்டு மாதத்துக்கு மேல். விவரப் பதிவு தனி. கட்டுக்கு 20 நிமிடம் என்றால் 400 மணி நேரம், 50 நாள். இது பெரும்பாலும் பட்ஜெட்டிலிருந்து விட்டுப்போகும். விட்டுப்போனால், பெயரும் தேதியும் இல்லாத படக்கோப்புகள் வன்தட்டில் குவிந்து கிடக்கும், யாருக்கும் பயன்படாது.

சேமிப்பு: 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படம் 8-பிட் டிஃப் கோப்பாக 72 எம்.பி. 90,000-க்கு சுமார் 6.5 டி.பி. ரா கோப்புகள் (கேமராவிலிருந்து மாற்றமின்றி வரும் மூலக் கோப்புகள்) ஒன்றுக்கு 30 எம்.பி. என்று வைத்தால் இன்னும் 2.7 டி.பி. இரண்டையும் மூன்று பிரதி வைத்தால் 27 டி.பி.யைத் தாண்டும். வன்தட்டுகளை ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே காலத்தில் பழுதாக வாய்ப்புண்டு. ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் (கோப்பு சிதைந்தால் மாறிவிடும் எண்) எடுத்துப் பட்டியலாக வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பிடுங்கள்.

ஜூலை 16

ஸ்கேனரா கேமராவா? உதிரும் தாளை மல்லாத்தி அழுத்தும் தட்டை ஸ்கேனர் இங்கே வேண்டாம், கட்டின் முதுகு உடைந்துவிடும். 120 பாகைக்கு மேல் விரியாத கட்டுக்கு அதே கோணத்தில் தாங்கும் தொட்டில். மேலே செங்குத்தாகக் கேமரா, 50 அல்லது 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100. இரு பக்கமும் 45 பாகையில் நிறத்துல்லியம் 95-க்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்கு. ஒவ்வொரு கட்டின் தொடக்கத்திலும் நிற அட்டையும் அளவுகோலும் வைத்து ஒரு படம்.

90,000 பிடிப்பு என்பது சாதாரண கேமராவின் இயந்திர ஷட்டருடைய ஆயுளில் பெரும்பகுதி. மின்னணு ஷட்டர் உள்ள கேமராவாக வாங்குங்கள். ஆனால் மலிவான எல்.இ.டி.யில் மின்னணு ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 1/50 விநாடியோ 1/25-ஓ வைத்தால் கோடு மறையும். பேட்டரிக்குப் பதில் நேரடி மின் இணைப்பி, அதற்கு யு.பி.எஸ். இந்த இரண்டும் சில ஆயிரம் ரூபாய்தான். பட்டியலில் இல்லாவிட்டால் வேலை பாதியில் நிற்கும்.

ஜூலை 24

16-ஆம் தேதிக் குறிப்பை நாளிதழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத இதழை விரித்தால் 36 செ.மீ. அகலம். ஓரம், அளவுகோல் சேர்த்து 40 செ.மீ. என்று கொண்டால் 24 மெகாபிக்சல் கேமராவின் 6,000 பிக்சல் அகலத்தில் அங்குலத்துக்கு 380 புள்ளி கிடைக்கும். 300-தான் குறைந்தபட்சம், ஆகவே கவலையில்லை. நாளிதழ்ப் பக்கம் 58 செ.மீ. நீளம் என்றால் அதே கேமராவில் 263-தான் வரும், விளம்பரப் பொடி எழுத்து கலங்கிவிடும். 45 மெகாபிக்சல் கேமரா எடுங்கள், இல்லையென்றால் பக்கத்தை இரண்டாக எடுங்கள். முதலாவதில் கோப்பு 136 எம்.பி. ஆகும், இரண்டாவதில் நாள் கணக்கு இரட்டிக்கும். எதுவாயினும் சேமிப்பு, கால அளவு இரண்டையும் மறுபடி போடுங்கள்.

ஆகஸ்ட் 6

விண்ணப்பத்துக்கு முன் ஒரு சலிப்பூட்டும் வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது: உங்களிடம் இருப்பது வேறெங்கும் மின்னாக்கம் ஆகிவிட்டதா என்று பார்ப்பது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் 'நூலகம்' நிறுவனத்தின் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ், ஈ.ஏ.பி.யின் சொந்தப் பட்டியல். தமிழகம், புதுச்சேரிப் பழைய இதழ்களை ரோஜா முத்தையா நூலகம் ஈ.ஏ.பி. மானியத்திலேயே எடுத்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போட்டோ ஸ்டூடியோப் படங்களை எடுத்திருக்கிறது. ஏற்கெனவே வந்ததைத் திரும்ப எடுக்கப் பணம் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

தலைப்பை மட்டும் பார்த்து விலக்கிவிடாதீர்கள். அவர்களிடம் 1934 இருக்கும், 1936 இராது. இதழ் வாரியாக எக்செல்லில் ஒப்பிடுங்கள். 1,200 கட்டில் 400-தான் மிஞ்சினாலும் நல்லதே. "இந்த 400 கட்டின் இந்த இதழ்கள் இன்ன ஐந்து இடங்களிலும் இல்லை" என்று சொல்லும் விண்ணப்பத்தை ஒதுக்குவது கடினம்.

ஆகஸ்ட் 7

ஒப்பிடும்போது ஆண்டுக் குழப்பம் வரும். அட்டையில் "விபவ ஆண்டு" என்று இருந்தால் 1868-69 ஆகலாம், 1928-29 ஆகலாம், சுழற்சி 60 ஆண்டு. தென்கோடி மாவட்டங்களில் கொல்லம் ஆண்டும் வரும், 824 அல்லது 825 கூட்ட வேண்டும். அட்டையில் உள்ளதை உள்ளபடி எக்செல்லின் ஒரு நெடுவரிசையிலும் ஆங்கில ஆண்டை வேறொரு நெடுவரிசையிலும் போடுங்கள். மலர்–இதழ், மாலை–மணி, தொகுதி–பகுதி என்று எந்தப் பெயரில் இருக்கிறதோ அதையே எழுதுங்கள், மாற்றாதீர்கள்.

ஆகஸ்ட் 19

காப்புரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. பெயரில்லாமலும் புனைபெயரிலும் வந்தவைக்கு வெளியான ஆண்டிலிருந்து 60. இதழ் ஒன்றில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனி உரிமை இருக்கக்கூடும். இது தெரிந்துதான் கொடையாளர்கள் உரிமை பற்றிக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து வைப்போம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வரிசையாகப் பிரியுங்கள்: உரிமை முடிந்தவை, தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களுடையவை, அனுமதி கேட்க வேண்டியவை. மூன்றாவதற்குப் பதிப்பாளர் வாரிசுகளிடம் கையொப்பம் வாங்க ஒருவருடைய நேரத்தையும் பயணச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

எழுத்துணரியால் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள்) முழுவதையும் தேடத்தக்கதாக்குவோம் என்பதையும் எழுத வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா வடிவங்களில் அது தடுமாறும். "தலைப்பு, ஆசிரியர், பொருளடக்கம் மூன்றையும் கையால் பதிவோம்" என்பது நிறைவேற்றக்கூடிய வாக்கு.

ஆகஸ்ட் 30, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கேள்வி

*எங்கள் ஊர் வாசகசாலைகளான சனசமூக நிலையங்களுக்கு இவை பொருந்துமோ?*

எஃப்.சி.ஆர்.ஏ. இந்தியச் சட்டம், உங்களுக்கு இல்லை. இரண்டு ஆர்கேடியாத் திட்டங்களும் இலங்கைக்கும் திறந்தவை. காப்புரிமைக் கணக்கு வேறு: 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. நூலகம் நிறுவனத்தாரோடு முதலில் கதையுங்கள். 2005 முதல் இந்த வேலையில் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பதில் எது அவர்களிடம் இல்லை என்பதை விரைவில் தெரிந்துகொள்ளலாம்.

செப்டம்பர் 14

"பிரிட்டிஷ் நூலகத்திலேயே இருக்கும்போது நமக்கு எதற்கு மூன்று பிரதி?" என்று கேட்டவருக்கு: 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது, இணையச் சேவைகள் நெடுநாள் முடங்கின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. நம் இதழ்களின் படம் நம் ஊரிலும் இருந்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

செப்டம்பர் 28

பணம் தேடாமலே முடிக்கும் வழியும் உண்டு. அரிய நூல் கொஞ்சமாக இருந்தால், ஒரு முந்நூறு நானூறு என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தைக் கேட்டுப் பாருங்கள். மானியத்துக்கு அலையும் ஓராண்டில் வேலையே முடிந்துவிடலாம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் சிறு நிதி 500 முதல் 5,000 டாலர் வரை. அதுவும் வெளிநாட்டுப் பணம், ஜூன் 5 குறிப்பு அதற்கும் உண்டு.

அக்டோபர் 11

கடைசியாகப் பணவரத்து. மானியம் தவணையாக வரும். இறுதித் தவணை, படங்களும் விவரப் பட்டியலும் அறிக்கையும் ஏற்கப்பட்ட பிறகே. தரச் சோதனையில் ஒரு தொகுதி திரும்பி வந்தால் இரண்டு மூன்று மாதம் இழுக்கும், அந்த மாதங்களுக்கும் ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும். மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகை உள்ளூர் நன்கொடையாக 80ஜி ரசீதோடு முன்பே கையில் இருக்கட்டும். ரொக்கமாக வாங்கினால் ஒருவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் 80ஜி விலக்கு கிடைக்காது, வங்கி வழியாகவே வாங்குங்கள். நன்கொடையாளர் விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் தாக்கல் செய்துவிடுங்கள். தொகுதிகளை மொத்தமாகக் கடைசியில் அனுப்பாதீர்கள். முதல் 2,000 படத்தை முதல் மாதமே அனுப்பித் தரம் சரியா என்று எழுத்தில் பதில் வாங்கிவிட்டு மீதியைத் தொடருங்கள்.